மிளகளவு கல்

“வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து விடுப்பா” என்றாள் தையல்காரி.

நத்தை வால்விலிருந்து கையை எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. நத்தை என்பது அவள் மகள் அவனுக்கு வைத்த பெயர். மகளும் அவனும் இந்தச் சோதனைக்கூடத்தில் கல்லை உருக்குகிறவர்கள். அழுத்தத்தை இறக்குவதில் இவனைப்போல ஒரு மந்தம் உலகத்தில் கிடையாது என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நேற்றுச் சாயங்காலம் வந்தவள் சிரிக்கவில்லை. தலை வலிக்கிறது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். அவ்வளவுதான். இப்போது ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறாள். மயானத்துக்கு எடுத்துப்போக மதியம் வண்டி வந்துவிடும்.

அவள் கடைசியாக வைத்த கல் மட்டும் இந்த இயந்திரத்துக்குள் இருந்தது. ஆள் உயர இரும்புச் சட்டம், அடியில் எண்ணெய் அழுத்தத்தில் எழும்பும் பிஸ்டன், நடுவில் எட்டு உலோகக் கட்டைகள். அந்தக் கட்டைகள் நெருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு பிளாட்டினக் குழாய். பூமியின் அடிவயிற்றில் உருகுவதுபோல் அதற்குள் உருகிய கல், சூட்டை நிறுத்தியதும் கண்ணாடியாக உறைந்திருக்கும். மிளகளவுகூட வராதாம். சூட்டை நிறுத்தியவள் மகள்தான். அழுத்தம் தானாக இறங்கும்படி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அது முழுதும் இறங்க இன்று இருட்டிவிடும் என்றான் நத்தை. அவசரப்படுத்தினால் கட்டை வெடித்துவிடும் என்றான்.

இதைத்தானே மகளும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஆறுகிறது, சீக்கிரம் வந்து தொலை என்று போனில் கத்தினால், என்னை விரட்டலாம், இதை விரட்ட முடியாதும்மா என்பாள். தையல்காரி எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பவள். ஊர்த்துணியைத் தைத்துப் பிழைப்பவளுக்கு வேறென்ன வரும்? ஒரு நாள் வந்து என் கல்லைப் பாரேன் என்று மகள் கூப்பிட்டபோதெல்லாம், கல்லைப் பார்க்கவா கடையைச் சாத்தணும் என்று வாயை அடைத்துவிட்டாள். அந்த நாக்கை இழுத்துவைத்து அறுத்தால் தேவலை என்று இப்போது இருந்தது.

“அவளை வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்ப்பா. அவ செஞ்சதை அவ கையில வச்சு மூடி அனுப்பறேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

நத்தை கடிகாரத்தைப் பார்த்தான். அழுது அழுது அவன் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு வால்வைக் கையால் திருகினான். அழுத்தம் காட்டும் முள் மளமளவென்று கீழே வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அறையே அதிர்ந்தது. முள் ஒரே அடியாகக் கீழே விழுந்தது.

இயந்திரத்தின் தடுப்பைத் திறந்தபோது கட்டைகள் இரண்டு பிளந்துகிடந்தன. நடுவில் சாம்பல் நிறப் பொடி. நத்தை சின்னத் தூரிகையால் துழாவி, கிழிந்த பிளாட்டினத் தகடு ஒன்றை எடுத்தான். அதற்குள் ஒன்றும் இல்லை.

“இதுல எது அவ கல்லு?”

“தெரியலம்மா. எல்லாம் கலந்துபோச்சு.”

நான் திறந்திருக்கக் கூடாது என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். அவள் பொடியில் விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சூடு இருப்பதுபோல் பட்டது. பிறகு அதுவும் இல்லை.

மதியம் வண்டி வந்தது. பிணவறைப் பெஞ்சின் மேல் கிடந்த மகளுக்குத் தையல்காரி தலை சீவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு நேரமாகிறதென்று தினமும் வெடுக்வெடுக்கென்று சீப்பை இழுத்த தலை. நேரமாகிறது என்று டிரைவர் வந்து சொன்னார். கொஞ்சம் கழித்து மறுபடியும் வந்தார்.

“இருங்க. சிக்கு இருக்கு.”

டிரைவர் போய் இஞ்சினை நிறுத்தினார். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு முடியாக விரலால் பிரிக்கத் தொடங்கினாள்.