பேனாவால் எழுதிய எண்கள்

கணவர் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவருடைய ஆய்வுக்கூடத்துக் கூட்டாளி நோட்டைக் கேட்டு வந்து நின்றான். அவளுக்குச் சுருக்கென்றது.

ஒரு ஞாபகம் நிலைக்க மூளைச் செல்லில் புதுப் புரதம் உருவாக வேண்டும். அது செல்லின் நடுவில் உருவாகிறதா, கிளை நுனியிலேயே உருவாகிறதா? இந்த ஒரே கேள்வியோடு அவள் கணவர் முப்பது வருடம் மல்லுக்கட்டினார். நுனியில்தான் என்பது அவர் கட்சி. செல்லிலிருந்து துண்டித்த கிளைகளில் பாதிக்குப் புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து கொடுப்பார். பிறகு நுனியில் புதுப் புரதம் இருக்கும் இடமாக மின்னும் புள்ளிகளை எண்ண வேண்டும். எது மருந்து பட்டது என்று தெரிந்தால் கண் ஏமாற்றும் என்பதால், கிளைகளை வைத்த கண்ணாடி ஸ்லைடுகளுக்கு எண் ஒட்டும் வேலையை மனைவியிடம் விட்டிருந்தார். எந்த எண் எது என்பது அவளுடைய துணி அலமாரியில் இருந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"குடுங்க அண்ணி, இன்னிக்கே முடிச்சிடறேன்."

"எண்ணியாச்சா?"

"ஆச்சு."

"முதல்ல அந்தத் தாளைக் குடு."

"என்ன அண்ணி, என்னையே சந்தேகப்படறீங்களா?"

"உங்க அண்ணனுக்கே, பேனாவுல எழுதிக் குடுத்தப்புறந்தான் திறந்து காட்டுவேன். நீ என்ன அவருக்கும் மேலயா?"

அவர் நாற்காலியில் இவன் உட்காரத் தொடங்கிவிட்டதாக அவள் காதுக்கு வந்திருந்தது. நாற்காலி போதாது, பெயரும் வேண்டும்போல. எண்களைத் திருப்பிப் போட்டு, பெரியவர் சொன்னது தப்பு என்று எழுதிவிட்டால் முடிந்தது கதை.

சட்டைப் பையிலிருந்து வந்த தாளில் எல்லாம் பென்சில். பேனாவை அவன் பக்கம் தள்ளினாள். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தவன் மூன்று இடத்தைத் தாண்டிப் போனான்.

"இது ஏன் காலி?"

அவன் தரையைப் பார்த்தான். "மங்கலா இருக்கு அண்ணி. கூட்டியும் எண்ணலாம், குறைச்சும் எண்ணலாம். எது மருந்து பட்டதுன்னு தெரிஞ்சா... அண்ணன் சொன்னதுதான் சரின்னு வர்ற மாதிரி..."

சந்தேகப்பட்டது சரிதான்; திசைதான் மாறிப்போயிருந்தது. செய்தால்தான் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?

"உன் கண்ணுக்கு எவ்வளவு தெரிஞ்சுது?"

"நாலு. ரெண்டு. மூணு."

"எழுது."

எழுதி முடித்ததும் நோட்டை எடுத்து வந்து வாசித்தாள். மூன்றும் மருந்து படாதவை. நன்றாக மின்னியிருக்க வேண்டியவை. அவன் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான்.

"இந்தத் தடவை அண்ணன் சொன்னது வரல."

அவள் நோட்டை மூடினாள்.

"அப்ப மறுபடி செய்யணும். எத்தனை ஸ்லைடு?"

"அறுபது."

"ஞாயித்துக்கிழமை வரேன். நான் ஒட்டி முடிக்கிற வரைக்கும் நீ அந்த ரூம் பக்கமே வரக் கூடாது."