இடம் மாறிய பூணூல்

அனிருத் கேமராவுக்குள் குனியும்போதெல்லாம் ரோஹிணிக்குப் பற்றிக்கொண்டு வரும். கிணற்றில் விழுந்த சொம்பைத் தேடுகிறவன் மாதிரி, வயிற்றோடு அணைத்த பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஊர் உலகத்தையே காக்க வைப்பான். மீடியம் ஃபார்மட் என்கிற பழைய ஃபிலிம் கேமராவாம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படமாம். அதனால் ஒவ்வொரு படமும் ஒரு தவமாம். தவம் செய்கிறவன் இவ்வளவு பேசுவானா?

இந்தப் பிரகஸ்பதியைத்தான் அப்பா அவளுக்குப் பார்த்து வைத்திருந்தார். அப்பா ராமமூர்த்திக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம் முடிந்துவிட்டது, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் பெண்ணைக் கரையேற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பையனுக்குக் குருகிராமில் பெரிய வேலை, ஜாதகம் பொருந்திவிட்டது, அப்புறம் என்ன குறை என்று கேட்டார். அலட்டல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஜோசியர் சொல்வதில்லையே, அவள் என்னத்தைச் சொல்வாள்?

பழகிப் பார்க்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிர்காவில் அவன் ஃபிளாட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற பையன்கள் பெண்ணை ஹோட்டலுக்குக் கூட்டிப் போவார்கள். இவன் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனான். கறுப்புப் பைக்குள் கையை விட்டு ஃபிலிமைச் சுருளில் ஏற்றினான், டப்பாவில் மருந்தை ஊற்றிக் குலுக்கினான், கழுவிய ஃபிலிமைத் துணி காயப்போடுகிற கிளிப்பில் தொங்கவிட்டான். அதற்குப் பிறகு ஸ்கேனர் பாடம். ஃபிலிமுக்குப் பளபளப்பான பக்கம் ஒன்று, மங்கலான பக்கம் ஒன்றாம். கவிழ்த்து வைத்துவிட்டால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடது வலதாகிவிடுமாம். ஓரத்தில் அச்சடித்த கம்பெனி பெயர் நேராக வாசிக்க வந்தால்தான் படமும் நேர். மொபைலில் சொடுக்கித் தள்ளுகிற கும்பலுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று பாடத்தை முடித்தான். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அன்றைக்கு முழுக்க அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் வந்தது. படம் நான்தான் எடுப்பேன் என்று அனிருத் சொன்னதும் அப்பா குளிர்ந்துபோனார். பேசி வைத்திருந்த ஆளை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. போதாக்குறைக்கு, யாரும் மொபைலை வெளியே எடுக்கக் கூடாது, சூழல் கெட்டுவிடும் என்று இவன் ஒரு நிபந்தனை போட்டான். கல்யாணம் செய்துகொள்கிறவரே பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொந்தக்காரர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். கண்றாவி.

படம் வந்த அன்றைக்கே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். பஞ்சாங்கம் மேஜைமேல் தயாராக இருந்தது. ரோஹிணி எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டாள், காரணம் போதவில்லை என்றார். இன்றைக்கு அவர் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டால் தீர்ந்தது, அவர் கொடுத்த வார்த்தையை மீறுகிறவர் இல்லை.

அனிருத் பெரிய சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்து சோபாவில் சாய்த்துவைத்தான். பக்கத்தில் நெகடிவ் உறையையும் வைத்தான். எடிட்டிங் என்ற பேச்சே கிடையாது, இது நிஜம் என்று காட்டுவதற்காம். கலச ஜலம் தலையில் ஊற்றி முடிந்த நிமிஷம் அது. அப்பாவும் அம்மாவும் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

அம்மா ராஜம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன்னா, இது நானா? வலது தோள்ல போட்ட மடிசார் தலைப்பு இடது தோள்ல கிடக்கே. அய்யங்கார் மாமின்னா நின்னுண்டிருக்கா?"

அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். எப்போதும் இடது தோளில் கிடக்கிற அவர் பூணூல் வலது தோளில் கிடந்தது. தர்ப்பணத்திலும் திவசத்திலும் சாஸ்திரிகள் 'பூணூல் இடம்' என்றதும் இடப்பக்கம் தொங்கும்படி மாற்றிப் போட்டுக்கொள்கிற கோலம். கல்யாணக் கோலத்தில் மனிதர் பித்ரு காரியத்துக்கு நிற்கிறார்.

ரோஹிணிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆசாமி ஃபிலிமைக் கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்திருக்கிறான். பூணூல் எந்தத் தோளில் கிடக்கும் என்பதே தெரியாத ஜென்மத்துக்கு வித்தியாசம் எங்கே தெரியும்? அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் அசரவில்லை. "அங்கிள், ஃபிலிம் பொய் சொல்லாது. அன்னிக்கு நீங்கதான் தப்பா போட்டுண்டிருப்பேள். ஆன்ட்டியும் அவசரத்துல கட்டிண்டிருப்பா."

அம்மா முகம் சிவந்துபோய்க் காப்பி போட உள்ளே போய்விட்டாள். அப்பா படத்தைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மந்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் சாஸ்திரிகளையே நிறுத்தித் திருத்துகிறவர்.

"இருக்கலாம்," என்றார். "கூட்டத்துல நான்தான் கவனிக்கலையோ என்னமோ."

சீ என்று ஆகிவிட்டது ரோஹிணிக்கு. இவனுக்காகவா இப்படிக் குழைகிறார் என்று அப்பா மேலேயே அருவருப்பு வந்தது. அப்போது அவர் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பினார். கெஞ்சுகிற பார்வை. இவனுக்காக இல்லை, அவளுக்காகத்தான் தன்னையே தப்பு என்று சொல்லிக்கொண்டார். அது அப்போதுதான் உறைத்தது. ஃபிலிம் கவிழ்ந்தது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த தன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

உறையிலிருந்து நெகடிவை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அப்பா, இங்க வாங்கோ. ஓரத்துல எழுத்து நேரா தெரியறதா, வாசிங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கம்பெனி பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். பிறகு நிறம் தலைகீழாகத் தெரிந்த நெகடிவ் படத்தைப் பார்த்தார். வெளிறிய மார்பின் குறுக்கே கறுப்பு இழை, இடது தோளிலிருந்து ஒழுங்காக இறங்கியது.

"நீங்க சரியாத்தான் போட்டுண்டிருந்தேள். இவர்தான் ஃபிலிமைக் கவுத்து வெச்சிருக்கார்."

அனிருத் நெகடிவை வாங்கிப் பார்த்தான். அச்சா, சின்ன விஷயம், ஒரு கிளிக்கில் திருப்பி ஜல்தியாக வேறு பிரிண்ட் போட்டுவிடலாம் என்றான். தப்பாகப் போட்டுக்கொண்டீர்கள் என்றானே, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சட்டம் இதே போதும் என்று மட்டும் சொன்னான்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள், மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவு என்று.

"மாப்பிள்ளை யாரும் வரலை, ராஜம்," என்றார் அப்பா. "போட்டோக்காரர் வந்திருக்கார். காப்பியைக் கொடுத்து அனுப்பு."