பேண்டு இல்லாத வெள்ளிக்கிழமை

பள்ளிக்கான வரி உயர்வு ஊர் ஓட்டெடுப்பில் இரண்டாவது தடவையும் தோற்றுப்போன பிறகு, கண்காணிப்பாளர் ஆசிரியர்கள் எல்லோரையும் உணவுக்கூடத்தில் கூட்டினார். நவம்பரில் மூன்றாவது தடவையாக ஊரிடம் கேட்கப் போகிறோம், அப்போதும் கை விரித்துவிட்டால் பேண்டும் ஓவியமும் நீச்சலும் போய்விடும் என்றார். பேண்டு என்று சொல்லும்போது அவர் ஜோனி பிரெஸ்கார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவேயில்லை. பேண்டு அவளுடையது. பிள்ளைகளுக்கு வாத்தியம் பழக்கி, வரிசையில் நடக்கப் பழக்கி, வெள்ளிக்கிழமை கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் இறக்கிவிடுவது பத்தொன்பது வருஷமாக அவள் வேலை.

பிரெண்ட்வெல் உயர்நிலைப் பள்ளி ஏரிக்குப் போகும் சாலையில் மஞ்சள் செங்கல்லில் கட்டிய பெரிய கட்டடம். வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை மூன்று ஷிப்டும் ஓடிய காலத்தில் கட்டியது. அந்த நாளில் பிள்ளைகள் பகல் சாப்பாட்டுக்கே நான்கு பந்தியாகப் போக வேண்டியிருந்ததாம். ஜோனியின் அப்பா ரூடி அப்போது அங்கேதான் படித்தார். பேண்டில் டிராம்போன் வாசித்தார். படிப்பு முடிந்து பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குள் போனவர், அது மூடுகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

தொழிற்சாலை போனதும் பள்ளி ஒவ்வொன்றாக உதிர்க்கத் தொடங்கியது. முதலில் லத்தீன் போனது. அதற்கு யாரும் அழவில்லை. பிறகு ஜெர்மன். பிறகு தச்சுப் பட்டறை. அங்கிருந்த கடைசல் இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். உயர்கணிதம் சொல்லிக்கொடுத்தவர் தெற்கே வசதியான ஊருக்கு மாறிப்போன பிறகு, அதைப் படிக்க நினைத்த ஐந்தாறு பேர் நூலகத்தில் திரைமுன் உட்கார்ந்து தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் பேண்டு மட்டும் நின்றது. ஆள் குறைந்திருந்தாலும் சத்தம் குறையவில்லை.

ஊரும் மாறியிருந்தது. பழைய வெள்ளையினக் குடும்பங்களில் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். அந்த வீடுகளை நகரத்திலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் வாங்கின. பள்ளியில் இப்போது அவர்கள் பிள்ளைகள்தான் அதிகம். நியா கோல்பர்ட்டின் அம்மா அப்படித்தான் வந்தாள். முன்னால் ஒரு புல்வெளி, பெண்ணுக்கு ஒரு நல்ல பள்ளி, இந்த இரண்டுக்காக மருத்துவமனையில் இரண்டு வேளை வேலை பார்த்து வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தாள். நியா பேண்டில் முதல் கிளாரினெட். அணிவகுப்பில் தலைமைக் கோலை ஏந்தி முன்னால் நடப்பவளும் அவள்தான். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பள்ளி கேட்டது கிடைத்தால் வீட்டு வரி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஊர் ஓட்டுப்போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஓட்டுப்போடுகிற கிழவர் கிழவிகளுக்குப் பள்ளியில் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கிறவர்களுக்கு ஓட்டுச்சாவடிக்குப் போக நேரமில்லை. செப்டம்பர் முழுக்கப் பள்ளி விட்டதும் ஜோனி ஓட்டுக் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கினாள். துணைக்கு நியாவும் வந்தாள். ஒரு அம்மாள் கதவைத் திறக்காமலே, என் பிள்ளைகள் படித்து முடித்தாகிவிட்டது என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டாள். ஒருவர் நாயைக் காட்டினார். சிலர் உட்காரவைத்துக் காபி கொடுத்து, எல்லாம் கேட்டுவிட்டு, பார்க்கலாம் என்றார்கள்.

கென்னி ஓராவெக்கின் வீட்டுக்குப் போகும்போது ஜோனிக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. அவளிடம் டிரம்பெட் பழகியவன். இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் சொந்தத் தொழில். அவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். தன் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அந்த நாலு வருஷம்தான் என்றான். பள்ளிப் பாட்டை வாயாலேயே ஊதிக் காட்டினான். அவன் பிள்ளைகள் மூன்று பேரும் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போனார்கள்.

"மிஸ், உங்களுக்குன்னா என்ன வேணாலும் செய்வேன்," என்றான். "ஆனா அது இப்ப நம்ம பள்ளிக்கூடம் இல்லியே."

நியா இரண்டு படி கீழே, துண்டுப் பிரசுரக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கென்னி அவளைப் பார்த்துச் சிரித்தான், மரியாதையாகத்தான். தெருவுக்கு வந்ததும் ஜோனி அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள். நியாதான் பேசினாள்.

"அடுத்த வீட்டுக்கு நீங்க மட்டும் போங்க மிஸ். நான் வந்து நின்னா இருக்கிற ஓட்டும் போயிடும்."

ஜோனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பிறகு வந்த வீடுகளில் நியா நடைபாதையிலேயே நின்றுகொண்டாள்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஜோனி வழக்கம்போல அப்பா வீட்டில் சாப்பிட்டாள். அம்மா இறந்தபிறகு ரூடி தனியாகத்தான் இருந்தார். கோழி வறுவலும் நூடுல்ஸும் அவரே சமைப்பார். எண்பதை நெருங்கியும் பிரெண்ட்வெல் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆட்டம் அவருக்குப் பொருட்டில்லை. இடைவேளை முடிந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வருவதே பேண்டுக்காகத்தான். முழங்கால் வலியோடு தனியாக ஓட்டுச்சாவடிப் படியேற வேண்டாம், செவ்வாய்க்கிழமை நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று ஜோனி சொன்னாள். அவர் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை.

"ஜோனி," என்றார் அவர், முள்கரண்டியை வைத்துவிட்டு. "நான் வேணாம்னுதான் போடப் போறேன். நீ கூட்டிட்டுப் போயி, நான் உள்ள அப்பிடிப் போட்டுட்டு வந்தா நல்லாருக்காது."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"போன ரெண்டு தடவையும் அப்பிடித்தான் போட்டேன்."

அவள் ஏன் என்று கேட்டாள். கம்பெனி திவாலானபோது தன் ஓய்வூதியத்தைப் பாதியாக வெட்டினார்கள், அப்போது யாரும் தனக்காக ஓட்டெடுப்பு நடத்தவில்லை என்றார். அது உண்மைதான். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். ஆனால் அவரிடம் இல்லாமையும் இல்லை. கூரை மாற்றினார், புது வண்டி வாங்கினார். அதைச் சொன்னாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்க யாரும் அங்க இல்லம்மா."

"நியாவைத் தெரியும். கிறிஸ்துமஸ் கச்சேரியில அவ தனியா வாசிச்சப்ப எந்திரிச்சு நின்னு கை தட்டினீங்க."

"நல்லாத்தான் வாசிச்சா," என்றார். மனதாரத்தான் சொன்னார். வெறுப்பு என்று ஏதாவது முகத்தில் தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு துண்டு கோழி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

வரி தோற்றது. கொஞ்ச வித்தியாசத்தில் அல்ல, மோசமாகத் தோற்றது. அப்பா ஆம் என்று போட்டிருந்தாலும், கென்னியும் அவன் தெரு முழுவதும் ஆம் என்று போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு ஓட்டில் தோற்றிருந்தால் ஒருவர் மேலாவது கோபப்பட்டிருக்கலாம்.

அடுத்த வசந்தத்தில் பெரிய வாத்தியங்களை வேறு ஊர் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து விலைபேசினார். பிள்ளைகள் வீட்டில் வைத்திருந்த பள்ளி வாத்தியங்களைத் திருப்பித் தரச் சொன்னார்கள். நியாவின் கிளாரினெட்டும் பள்ளியுடையதுதான். அவள் அதைத் துடைத்து, பெட்டியின் உள்பக்கப் பட்டுத் துணியைத் தூரிகையால் சுத்தம் செய்து கொண்டுவந்து வைத்தாள். ஜோனி தன் வீட்டிலிருந்த பழைய கிளாரினெட்டைக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் தன்னிடம் வந்து வாசிக்கும்படி சொன்னாள். பல்கலைக்கழகச் சேர்க்கைத் தேர்வுக்கு ஒரு வருஷம் இருக்கிறது, போதும் என்றாள். நியா மூன்று வாரம் வந்தாள். வரி தோற்றதில் பள்ளிப் பேருந்தும் நின்றுபோயிருந்தது. தம்பியைப் பள்ளியிலிருந்து நடத்திக் கூட்டி வர ஆள் வேண்டும், அம்மாவுக்கு வேலை. நான்காவது வாரம் நியா வந்து கிளாரினெட்டை மேசைமேல் வைத்தாள். சாயங்காலத்தில் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

ஜோனியும் அன்றைக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. தெற்கே ஹேசல்ரிட்ஜ் பள்ளியில் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே பேண்டுக்கென்றே தனிக் கட்டடம் இருந்தது. எப்படிச் சொல்வது என்று பல நாளாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாயில் வரவில்லை. வெறுமனே சொல்லி முடித்தாள்.

"போங்க மிஸ்," என்றாள் நியா. "நானா இருந்தாலும் போயிருப்பேன்." பிறகு, "அங்க கிளாரினெட் எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு."

நியா சிரித்தாள். கிண்டலான சிரிப்பில்லை. பெரிய ஊர் ஒன்றைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டவள் போலச் சிரித்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பிரெண்ட்வெல்லில் ஆட்டங்கள் நடந்தன, பேண்டு இல்லாமல். ரூடி முதல் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்து மகளைத் தொலைபேசியில் அழைத்தார். இடைவேளையில் ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டுப் போட்டார்களாம், அதுவும் பாதியில் நின்றுவிட்டதாம். பார்க்கவே அவமானமாக இருந்தது என்றார். இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் போகவில்லை. மூன்றாவது வாரம் மறுபடி அழைத்தார்.

"உன் புதுப் பள்ளிக்கூடத்துல எப்ப வாசிக்கிறாங்க? என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தாள். முழங்கால் வலியோடு தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிற மனிதர். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குத் தயாராக இருங்கள் என்றாள்.

போகிற வழியில் தொண்டைக்கு மிட்டாய் வேண்டும் என்றார். மளிகைக் கடையில் நிறுத்தினாள். பணம் வாங்கும் இடத்தில் நியா நின்றுகொண்டிருந்தாள். ரூடிக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது.

"நம்ம கிளாரினெட் பொண்ணு! இன்னும் வாசிக்கிறியாம்மா?"

"இல்ல சார்," என்றாள் நியா. "அது பள்ளிக்கூடத்துது. வாங்கிட்டாங்க."

"அடப்பாவமே. விட்டுடாதம்மா. கை நல்ல கை."

"சரி சார்." மிட்டாயைப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஜோனியிடம் ஹேசல்ரிட்ஜ் இன்றைக்கு யாரோடு ஆடுகிறது என்று விசாரித்தாள். பல்கலைக்கழகத்தைப் பற்றி ஜோனி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நியா மரியாதைக்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். பின்னால் ஆள் நின்றதால் அப்பாவும் மகளும் நகர்ந்தார்கள்.

ஹேசல்ரிட்ஜ் மைதானம் விளக்கில் பகல்போல இருந்தது. ரூடி கம்பளியைப் போர்த்துக்கொண்டு, சூடான சாக்லேட் பானத்தைக் கையில் வைத்தபடி நடுவரிசையில் உட்கார்ந்தார். இடைவேளையில் ஜோனி மைதான ஓரத்தில் மேடை ஏறிக் கையைத் தூக்கினாள். இருநூறு பிள்ளைகள் ஒரே அடியாகக் காலெடுத்து வைத்தார்கள். முடிந்து அவள் திரும்பிப் பார்த்தபோது அப்பா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். கம்பளி காலடியில் விழுந்து கிடந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் ஓயாமல் பேசினார். டிராம்போன்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் நிற்கலாம் என்றார். இப்படி ஒரு பேண்டைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்றார்.

"அந்தக் கிளாரினெட் பொண்ணு இந்தப் பேண்டுல இருந்திருக்கணும்," என்றார். "முதல் வரிசையில வாசிச்சிருப்பா."

ஜோனி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"ஹேசல்ரிட்ஜ்ல அவங்கம்மாவால வீடு வாங்க முடியாதுப்பா. அதான் நம்ம ஊருக்கு வந்தாங்க."

"ம்." அவர் தலையாட்டினார். "எங்க பாத்தாலும் வீட்டு விலை ஏறிப்போச்சு. நம்ம ஊர்லதான் இப்பிடி ஒண்ணு நடத்தணும்னு யாருக்கும் மனசில்ல."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். எதிரே வந்த வண்டியின் வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோழியிலிருந்தா, கென்னி வீட்டுப் படியிலிருந்தா? எங்கிருந்து தொடங்கினாலும் அவர் கேட்பார், தலையாட்டுவார், இன்னொரு தடவை தேர்தல் வந்தால் போய் அதையேதான் போடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது அடுத்த வெள்ளிக்கிழமையும் ஆட்டம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அவரை ஏற்றிக்கொண்டாள். நியா நிற்கும் மளிகைக் கடை வழியாகப் போகாமல், நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.