கலயத்தில் விழுந்த ஆமணக்கு

"நீ எதைப் போட்டே கண்ணு? மொச்சையா, ஆமணக்கா?"

அர்த்தனாரி வாத்தியார் இப்படிக் கேட்டபோது அத்தாயி பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. யாரும் யாரையும் கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது என்று நேற்றுச் சொன்னவரே இவர்தான். இன்றைக்கு, மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்னால், குரலைத் தாழ்த்திக்கொண்டு இவரே கேட்கிறார்.

"மொச்சைங்க" என்றாள்.

அது பொய். வாத்தியார் "சரி, சரி" என்று உள்ளே போய்விட்டார். நம்பிய மாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் தெரியவில்லை.

மலைமேல் வாழவந்தி நாட்டில் அந்தப் பள்ளிக்கூடம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புல் வேய்ந்த ஒற்றைக் கொட்டகை. பதிமூன்று பையன்களுக்கு நடுவில் ஒரே பெண் அத்தாயி. அவளுடைய அப்பா குழந்தைசாமி அவளை அனுப்பும்போதே ஒன்று சொல்லியிருந்தார்: "உம்பேரு நாலு பேரு வாயில உழுந்துச்சுன்னா, அன்னைக்கே நின்னுக்கோணும்." அதனால் அவள் பேசுவதே இல்லை. வாசிக்கச் சொன்னால் மட்டும் வாசிப்பாள்.

வாத்தியார் சேந்தமங்கலத்துப் பக்கத்துக்காரர். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பழைய பத்திரிகைகளைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். அந்த ஐப்பசியில் பத்திரிகை முழுக்க அபிசீனியாதான். இத்தாலிக்காரன் படையோடு போய் அந்தத் தேசத்துக்குள் நுழைந்துவிட்டான். ஜெனீவாவில் ஐம்பது தேசங்கள் கூடி, இத்தாலியோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதா வேண்டாமா என்று பேசுகின்றன. "நாமளும் அப்படி ஒரு சபை கூட்டுவோம்" என்றார் வாத்தியார். பதினாலு பிள்ளைகளுக்கும் பதினாலு தேசம். அத்தாயிக்கு நார்வே கிடைத்தது. அது எங்கே இருக்கிறது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார். மேலே, ரொம்ப மேலே.

முதல் நாள் வாயால் கேட்டபோது எல்லாரும் "நிறுத்தோணுமுங்க" என்று ஒரே குரலில் கத்தினார்கள். வாத்தியாருக்கு முகம் சுண்டிப்போனது. "ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தலையாட்டினா அதுக்குப் பேரு சபையா? ஆட்டுப்பட்டி!" என்றார். மறுநாள் ஒரு மண்கலயம் கொண்டுவந்தார். வாசல் மூலையில் இரண்டு முறம். ஒன்றில் மொச்சை, ஒன்றில் ஆமணக்கு. நிறுத்தலாம் என்பவர் மொச்சை, வேண்டாம் என்பவர் ஆமணக்கு. ஒவ்வொருவராகப் போய், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, ஒரு கொட்டையை எடுத்துக் கையை மூடிக்கொண்டு வந்து கலயத்துக்குள் விட வேண்டும். தீர்ப்பு எதுவோ அதை எழுதி, பிள்ளைகள் எல்லாரும் பேர் போட்டு, ஜெனீவாவுக்கே கடிதாசி அனுப்பப்போவதாகச் சொன்னார்.

அத்தாயி கடைசியாகப் போனாள். மொச்சை முறத்துக்கு மேல் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடிவாரத்து வியாபாரிகளுக்கும் மலைக்காரர்களுக்கும் மிளகு விஷயமாகச் சண்டை வந்தது. செம்மேட்டுச் சந்தைக்கு உப்பு அனுப்புவதை வியாபாரிகள் நிறுத்திவிட்டார்கள். சண்டை போட்டவர்கள் என்னவோ சாராயத்தைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். உப்பில்லாத சாமைச் சோற்றைத் தின்ன முடியாமல் அழுதது அவளுடைய தம்பிதான். இத்தாலியிலும் தம்பிகள் இருப்பார்கள். ஆனால் அபிசீனியாவில் குண்டு விழுகிற வீட்டிலும் இருப்பார்களே? அவளுக்கு எதை எடுப்பதென்று தெரியவில்லை. பின்னாலிருந்து ராசப்பன், "ஏ நார்வே! கொட்டையை எடுக்கச் சொன்னா வெதைச்சு மொளைக்கட்டும்னு நிக்கிறியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் வெறுங்கையை மூடிக்கொண்டு போய்க் கலயத்துக்குள் விட்டு எடுத்துவிட்டாள்.

வாத்தியார் கலயத்தை உள்ளே எடுத்துப்போய்க் குலுக்கிக்கொண்டு வந்தார். பாயில் கொட்டி எண்ணினார். பதிமூன்று மொச்சை, ஒரு ஆமணக்கு.

"பார்த்தீங்களா!" என்று தொடையைத் தட்டினார். "எதிர்த்துச் சொல்றதுக்கு ஒரு ஆள் இருக்கு. இதுதான் சபை!"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தாயி மட்டும் பாயில் கிடந்த கொட்டைகளை மறுபடி எண்ணினாள். பதினாலு பேரில் அவள் போடவில்லை. பதிமூன்றுதான் இருக்க வேண்டும். பதினாலாவது எங்கிருந்து வந்தது?

சேதி சாயந்திரத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. அபிசீனியா எந்தத் திக்கில் இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஊரான் காட்டில் புகுந்தவனுக்கு நம் பிள்ளைகளில் ஒன்று ஒளிந்துகொண்டு கை கொடுத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் புரிந்தது. அந்த மாதம்தான் மரம் வெட்டிய இரண்டு பேரைக் காட்டாபீஸ்காரர்கள் பிடித்துப்போயிருந்தார்கள். உள்ளே இருந்து யாரோ கோள் சொல்கிறார்கள் என்று ஊர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். இப்போது பிடி கிடைத்துவிட்டது. ஆமணக்கு எந்த ஊட்டுதோ, கோளும் அந்த ஊட்டுது.

அத்தாயியின் தாய்மாமன் காட்டாபீஸில் காவலாள்.

சுனையில் தண்ணீர் மொள்ளப் போனால் பேச்சு நின்றது. ராமாயி என்கிற அடுத்த ஊட்டுக்காரி அவள் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த தன் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள். "மாமனுக்குப் புட்டுப்புட்டு வெக்கிற வாய்க்கு, ஊமைன்னு பேரு" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

அத்தாயி தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். ராசப்பன் குறும்புக்காக இரண்டு போட்டிருப்பானோ? போடுவான். ஆனால் கலயத்தை உள்ளே எடுத்துப்போனது ராசப்பன் இல்லை. வாத்தியார்தான். ஆமணக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளும் அவர்தான். அப்புறம் காலையில் அந்தக் கேள்வி. பதிமூன்று மொச்சைதான் இருக்கிறது என்று உள்ளே எண்ணிப் பார்த்து, குறைந்த ஒன்றுக்கு அவரே ஆமணக்கைப் போட்டிருந்தால்? அப்படியானால், போடாத கை எது என்று தேடத்தானே செய்வார்? அதற்காகத்தான் கேட்டாரா? குடம் நிரம்பி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊர்க்கவுண்டர் சின்னக்கண்ணு, அம்மன் கல்லுக்கு முன்னால் பதினாலு பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தினார். தாம்பாளத்தில் சூடம் எரிந்தது. எதைப் போட்டோம் என்று சொல்லி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

வாத்தியார் மூச்சு வாங்க ஓடிவந்தார். "இது தப்புங்க கவுண்டரே. மறைவாப் போட்டதை இப்படி வெளியில இழுக்கக் கூடாதுங்க. உலகம் பூராவும் இதான் நியாயம்."

"உலகத்து நியாயம் இருக்கட்டுமுங்க" என்றார் கவுண்டர். "எங்க நாட்டுல கூட்டம் போட்டா அவனவன் எந்திரிச்சு நின்னு வாயால சொல்லுவான். ஒளிச்சுப் போடற அளவுக்கு நல்ல சேதி எதுங்க இருக்குது?"

வாத்தியார் தாம்பாளத்துக்கு முன்னாலிருந்து ஓரமாக விலகினார்.

ராசப்பன் முதலில் போனான். "ஒத்தை மொச்சை போட்டேன், வேற எதும் போடலை" என்று சொல்லிச் சூடத்தைப் பட்டென்று அடித்து அணைத்தான். "சுடுதுடா சாமி" என்று கையை உதறினான். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி சூடம் ஏற்றினார்கள். அடுத்தவன். அடுத்தவன். சத்தியம் முடித்த ஒவ்வொருவனும் திரும்பி வரிசையின் கடைசியைப் பார்த்தான். பதிமூன்று பேரும் அணைத்துவிட்டார்கள்.

குழந்தைசாமி கூட்டத்துக்குள் தலையைக் குனிந்து நின்றார். அத்தாயி அவரைப் பார்த்தாள். மொச்சை என்று சொல்லிச் சூடத்தை அணைத்துவிட்டால் போதும், நாளைக்கும் பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் அது பொய்ச்சத்தியம். உண்மையைச் சொன்னால் அந்தப் பதினாலாவது கொட்டை நேரே வாத்தியார் மடியில் போய் விழும். சும்மா நின்றாலோ, கோள்காரப் பட்டம் அப்பா தலையில்.

"சொல்லு சாமி" என்றார் கவுண்டர். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"நான் மொச்சையும் போடலீங்க" என்றாள் அத்தாயி.

கூட்டம் இரைந்தது. "அப்புறம் என்ன, ஆமணக்கு இவுளுதுதான்!" என்று ராமாயி கை நீட்டினாள்.

"ஆமணக்கும் போடலீங்க. எதைப் போடறதுன்னு தெரியலீங்க. வெறுங்கையத்தான் உட்டேன். வாத்தியாரு கேட்டப்ப மொச்சைன்னு பொய் சொல்லிட்டேனுங்க." அவள் இத்தனை பேச்சைச் சேர்ந்தாற்போல் பேசியதை ஊர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கையை நீட்டி அடித்தாள். சூடம் அணைந்தது.

ராசப்பன் விரல் மடக்கிக்கொண்டிருந்தான். "அதெப்படி? நாங்க பதிமூணு பேரு, பதிமூணு மொச்சை. இவ போடலைன்னா, ஆமணக்கு யாருது?"

ஒவ்வொரு தலையாக வாத்தியார் பக்கம் திரும்பியது.

கவுண்டர் புதுச் சூடம் ஒன்றை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து ஏற்றினார். இரண்டு கையாலும் ஏந்தி அர்த்தனாரியிடம் நீட்டினார். "நீங்களும் அணைச்சிருங்க வாத்தியாரே. பிள்ளைகளே அணைச்சிருச்சுங்க."

அவர் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று அத்தாயி உள்ளுக்குள் தவித்தாள். பாடத்துக்காகப் போட்டேன் என்று சொல்லட்டும். எதிர்ப்பேச்சு எப்படி இருக்கும் என்று காட்டத்தான் போட்டேன் என்று சொல்லட்டும். திட்டுவார்கள், அவ்வளவுதான். நாளைக்குக் கொட்டகை திறந்திருக்கும்.

அர்த்தனாரி எரிகிற சூடத்தைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். அத்தாயி மேல் கண் பட்டதும் பார்வையை எடுத்துக்கொண்டார். கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டினார். கூட்டம் விலகி வழி விட்டது. பள்ளிக்கூடத்துக் கதவு திறந்தபடியே கிடக்க, அதைச் சாத்தக்கூட நிற்காமல், அடிவாரத்துப் பாதையில் இறங்கிப் போனார்.