நரிக்கு ஒரு போர்வை

“எல்லாக் கதையிலயும் நரியே ஏம்ப்பா ஏமாறுது?”

ஏழு வயதில் மகள் கேட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அப்பாவுக்கு எதிரே நின்று, காய்ந்த விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்திருந்தாள். மற்ற இரண்டு அவர் கையில்.

“அதுக்கு அது நிரந்தர வேலைம்மா. யாரும் மாத்தல் குடுக்க மாட்டேங்கறாங்க. நீ ஒரு கதை சொல்லேன், அதுலயாவது பொழைச்சுப் போகட்டும்.”

கதை கேட்டவர் பதிலுக்குத் தானும் ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அப்பா தன் தகப்பனாருக்குச் சொன்னார். தகப்பனார் தன் அத்தைக்கு. இவர்களுக்கு விரிப்பு மடிக்கும் நேரமே கதை நேரம். எதிரெதிரே நடந்து மூலைகளைச் சேர்க்கும்போது ஒரு வாக்கியம். திருப்பம் வருகிற இடத்தில் அப்பா வேண்டுமென்றே மெதுவாக நடப்பார்.

மகள் நூற்றுக்கணக்கில் கேட்டாள். பதிலுக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை. அப்பா சொல்வது மாதிரி வராதே என்று கூச்சம். வளர்ந்து அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், “நாளைக்குப்பா” என்பாள்.

“காது மட்டும் முறம் மாதிரி இருக்கு. வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியத் தொலைச்சுட்டியாடி?” என்று இஸ்திரி போடும் அக்கா சீண்டுவாள்.

அப்பா நோயில் விழுந்தபோது மாடி வார்டில்தான் சேர்த்தார்கள். “நான் மடிச்ச விரிப்புல நானே படுத்திருக்கேன். மடிப்பு நேரா இருக்கு பாருங்க” என்று நர்ஸிடம் பெருமை அடித்துக்கொண்டார். ஒரு மதியம் மகளிடம் கேட்டார்.

“என் நரி என்னம்மா ஆச்சு?”

“யோசிச்சுட்டே இருக்கேன்ப்பா. முடிவு நல்லா வரல. நாளைக்கு.”

“நல்லா வரவேணாம்மா. வந்தாப் போதும்.”

தலையணையைச் சரிசெய்துவிட்டு அவள் வேலைக்கு இறங்கினாள். நல்லதை இன்னும் அழகாகச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டே நம்மில் பலர் செய்யாமல் விடுகிறோம்.

மறுநாள் விடியும்போது முடிவு கிடைத்துவிட்டது. சொல்வதற்காகவே வழக்கத்தைவிட முன்னதாக வந்து படியேறினாள். கட்டில் காலியாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று இஸ்திரி அக்கா சீண்டவில்லை. தன் தேநீரில் பாதியை ஊற்றிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானது. அப்பா கட்டிலின் விரிப்பு எதுவென்று தெரியவில்லை. வெளுத்து வந்தால் எல்லாம் ஒன்றுதான். மேலே இருந்ததை எடுத்தாள். தனியாக மடிக்கும் நாட்களுக்கென்று கதவில் அவர் அடித்துவைத்த கொக்கியில் இரண்டு மூலைகளை மாட்டினாள். அதை நோக்கி மெதுவாக நடந்தாள்.

“ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம். எல்லாக் கதையிலயும் ஏமாந்து களைச்சுப்போச்சாம்.”

பின்வாங்கி, இழுத்து உதறினாள்.

“குளிர்ல நடுங்கிட்டு ஒரு வீட்டு வாசல்ல நின்னுச்சாம். உள்ள ஒரு சலவைக்காரர். யாரு, எவருன்னு கேக்கலயாம். வெளுத்த போர்வை ஒண்ணு எடுத்துப் போத்திவிட்டாராம்.”

மறுபடி கொக்கியை நோக்கி மெதுவாக நடந்தாள்.

“அன்னிக்குத்தான் அது நிம்மதியாத் தூங்குச்சாம்ப்பா.”

கொக்கியிலிருந்து மூலைகளைக் கழற்றி, கடைசி மடிப்பை மடித்து, மாடிக்குப் போகும் அடுக்கின் மேல் வைத்தாள்.