இடம் போதவில்லை

அண்ணி போனை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது அதன் முதுகு இன்னும் சூடாக இருந்தது. காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"இதைக் கொஞ்சம் பாரு தம்பி. இடம் போதலைங்குது. எதை அழிச்சாலும் போதலைங்குது."

அவன் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் சாப்பிட உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் தங்கிவிடும். அதனால் இடது கையின் சுண்டுவிரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். படங்கள் இல்லை, பாட்டு இல்லை. துடைத்து வைத்த வீடு மாதிரி இருந்தது போன். ஆனால் மேலே சிவப்பு எழுத்தில் அதே புலம்பல்.

"கல்யாண போட்டோவைக்கூட அழிச்சிட்டேன். உங்கண்ணன் மூஞ்சி ஞாபகம் இருக்கில்ல, அது போதும்" என்றாள் அண்ணி. அண்ணன் சரக்குக் கப்பலில் இருந்தான். வருடத்தில் பாதி நாள் அவன் வெறும் குரல்தான். அவள் சொன்னது சிரிப்பதற்காக. ஆனால் அவளே சிரிக்கவில்லை.

அது வெறும் போனாக இருந்திருந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அவளுடைய மகள் சுண்டுவுக்கு இன்சுலின் சுரப்பது நின்று இரண்டு வருடம் ஆகிறது. சுண்டெலி மாதிரி எதையாவது கொறித்துக்கொண்டே இருந்த பிள்ளைக்கு அவன் வைத்த பெயர் அது. இப்போது பத்து வயது; கொறிப்பதற்கெல்லாம் கணக்கு வந்துவிட்டது. அவள் மேல்கையில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் போன் அலறும். வீட்டில் அதற்குப் பொத்தான் என்றே பெயர். பொத்தான் வருவதற்கு முன் ஒரு நாளைக்குப் பல தடவை விரலைக் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. சுண்டுவின் விரல் நுனிகள் சல்லடையாகி, பென்சில் பிடித்தால் எரிகிறது என்று எழுதமாட்டேன் என்பாள். அந்தப் பொத்தானின் செயலிதான் இப்போது புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. புதுப்பிக்காவிட்டால் மாதக் கடைசியோடு நின்றுவிடும். புதுப்பிக்க இடமில்லை. அவனுடைய போனோ அந்தச் செயலியே ஏறாத அளவுக்குப் பழசு. போனின் பாதி வயிற்றை, அதைச் செய்த நிறுவனமே போட்டு அனுப்பிய விளையாட்டுகளும் கடைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. அழிக்கப் போனால் அழிக்க முடியாது என்றது.

"ரூட் பண்ணிடலாம் அண்ணி" என்றான்.

"அப்படின்னா?"

"வீடு நம்மளோடது. ஆனா ஒரு ரூம் சாவி மட்டும் கட்டினவன்கிட்டயே இருக்கு. அவன் தட்டுமுட்டு சாமானையெல்லாம் அதுல போட்டுப் பூட்டி வெச்சிருக்கான். ரூட் பண்ணினா அந்தச் சாவி நம்ம கைக்கு வந்துரும். எல்லாத்தையும் தூக்கி வெளியே போட்டுட்டு, பெரிய மெமரி கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டு, அதையும் வீட்டோட சேர்த்துடலாம்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"பார்த்துப் பண்ணினா ஒண்ணும் ஆகாது."

பார்த்துத்தான் பண்ணினான். அந்த விஷயத்தில் பின்னாளில்கூட அவனால் தன்னைக் குறை சொல்ல முடியவில்லை. அவசரப்படவில்லை, சுண்டுவின் கையிலிருந்த பொத்தானின் இரண்டு வார ஆயுள் முடிகிற ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தான். போனில் மிச்சமிருந்த எண்களையும் செய்திகளையும் கணினியில் நகலெடுத்தான். அந்த மாடலுக்கே உரிய கோப்புதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தான்; ஓர் எழுத்து மாறினால் போன் பிணமாகிவிடும் என்று படித்திருந்தான். மின்சாரம் போனாலும் தாங்கட்டும் என்று முழுக்க சார்ஜ் ஏற்றினான். போன் இருண்டு, மீண்டும் இருண்டு, யாரையும் தெரியாத புது போன் மாதிரி வணக்கம் சொல்லிக்கொண்டு எழுந்தது. விளையாட்டுகளும் கடைகளும் ஒவ்வொன்றாகப் போயின. கார்டு உள்ளே சேர்ந்துகொண்டது. பாதிக்கு மேல் காலி இடம். அவன் சமையலறைக்குக் கேட்கும்படி விசில் அடித்தான்.

அண்ணி புதுப் பொத்தானைச் சுண்டுவின் கையில் வைத்து அழுத்தினாள். ஊசி இறங்கும் அந்த ஒரு நொடி சுண்டு வழக்கம்போல் பல்லைக் கடித்துக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். "முடிஞ்சது, முடிஞ்சது" என்று அண்ணி கையை ஊதிவிட்டு, செயலியைத் திறந்தாள்.

இந்தக் கைபேசி மாற்றியமைக்கப்பட்டுள்ளது, பாதுகாப்பு கருதிச் செயலி மூடப்படுகிறது என்று இரண்டு வரி வந்தது. பிறகு திரை மூடிக்கொண்டது. அண்ணி மறுபடி திறந்தாள். மறுபடி இரண்டு வரி.

"என்ன தம்பி இது?"

"குடுங்க அண்ணி. அரை மணி நேரம்."

அவன் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். வேர்த்தது. பழையபடி மாற்றினால் பழையபடி இடம் இருக்காது. செயலி இந்த மாதத்தோடு போய்விடும். உள்ளே சுண்டு கையில் பொத்தானோடு நிற்கிறாள். தேடிப் பார்த்தபோது வழி ஒன்று இருந்தது. அவனைப் போல மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். போன் மாற்றப்பட்டிருப்பதை அந்த ஒரு செயலியின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் மறைத்துவிடலாம். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: ஓடும், ஆனால் மருத்துவ விஷயத்துக்கு நம்பாதீர்கள். அவன் அதை ஒரு முறை படித்தான். மேலே தள்ளிவிட்டான்.

செயலி திறந்தது. சற்று நேரத்தில் எண் வந்தது. அண்ணி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"வயித்துல பாலை வார்த்த. என்ன பண்ணின?"

"சின்ன செட்டிங்தான் அண்ணி."

மறுநாள் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது மாடிக் கதவின் பூட்டில் யாரோ ஒரு துண்டு ஒயரை முறுக்கிப் போட்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்கிற ஒயர். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு லிஃப்டை நிறுத்தினான். கட்டட மேலாளர் ஓடி வந்தார். "சாயங்காலம் வரைக்குமாவது ஓடட்டுமே சார். இவ்வளவு நாள் ஓடிச்சுல்ல?" "ஓடிச்சு. கதவைத் திறந்து எவனாவது காலை வெச்சிருந்தா?" என்று கத்தினான். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு மூடிவிட்டான். இன்றைக்குப் போய் அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

வீட்டுக்குப் போனால் அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அடுத்த மாதம் எப்படியாவது ஒரு புது போன் வாங்கிவிடுவது, அதுவரை தானே ஒரு கண் வைத்துக்கொள்வது என்று தனக்குள் முடிவு செய்துகொண்டான். அன்றிலிருந்து, வந்ததும் போனைத்தான் முதலில் எடுப்பான். எண்ணைப் பார்ப்பான், பிறகு சுண்டுவின் முகத்தைப் பார்ப்பான். "என்ன சித்தப்பா, என் மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்பாள் அவள்.

சனிக்கிழமை அண்ணிக்குப் பல் மருத்துவமனையில் வேலை. அங்கே வரவேற்பு மேசையில் இருந்தாள். சுண்டுவுக்கு அவன்தான் காவல். மத்தியானம் சாப்பாடு முடிந்து அவள் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு அண்டக் கொடுத்து, படம் வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி விட்டுச்சென்ற போன் மேசைமேல் இருந்தது. நூற்றுப் பதினெட்டு. நல்ல எண். அவன் நிம்மதியாகத் துணி மடித்தான். கொஞ்சம் கழித்துப் பார்த்தான். நூற்றுப் பதினெட்டு. மழை வருமா என்று ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். நூற்றுப் பதினெட்டு.

"சித்தப்பா, இந்தக் கலர் ஏன் வழுக்கிட்டே போகுது?"

அவள் கையில் பென்சில் இல்லை. வெறும் விரல்களால் தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவன் போனைப் பார்த்தான்; போன் நூற்றுப் பதினெட்டு என்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் போனை நம்பினான். பிறகுதான் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தான். அது சாப்பாட்டு நேரத்து எண். அதற்குப் பிறகு போனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியவில்லை என்றாவது அது கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

தன் போனிலிருந்து மருத்துவமனை எண்ணில் அண்ணியைக் கூப்பிட்டான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் வந்தது. "ஃபிரிட்ஜ் கதவுல ஜூஸ் இருக்கு. நிமிர்த்தி உட்கார வெச்சுக் குடிக்க வை. வேற எதையும் தேடாத. நான் வர்றேன்."

சுண்டு முதலில் வாயை இறுக்கிக்கொண்டாள். "வேணாம் போ" என்று அவன் கையைத் தள்ளினாள். பாதி ஜூஸ் சட்டையிலும் தரையிலும் கொட்டியது. அவன் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, தாடையைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, "என் கண்ணுல்ல, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். அவள் விழுங்குவது தன் முன்கையில் தெரிந்தபோதெல்லாம் அவனுக்கு ஒரு மூச்சு வந்தது.

அண்ணி செருப்போடு உள்ளே வந்தாள். அலமாரியிலிருந்து பழைய ஊசிப்பெட்டியை எடுத்துச் சுண்டுவின் விரலைக் குத்தினாள். ஜூஸ் உள்ளே போன பிறகும் அறுபத்தொன்றுதான். பிள்ளைக்கு நிறம் திரும்பி, "ஏம்மா சீக்கிரம் வந்துட்ட?" என்று கேட்கும் வரை அண்ணி அந்த விரலை விடவில்லை. பிறகு அவளுக்கு ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்துக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வரி எச்சரிக்கை, மறைத்தது, யாரோ எழுதியிருந்தது, அதைப் படித்தது.

"இவ பொத்தான் இருக்கிற கை மேலயே படுத்திருந்தா. படுத்தா சிக்னல் கட்டாகும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க" என்றாள் அண்ணி. அவள் தனக்கே சொல்லிக்கொள்வது போல் இருந்தது. "போன வருஷமும் ஒரு தடவை கத்தாம விட்டுது."

"இருக்கலாம் அண்ணி. நான் பண்ணினதாலயும் இருக்கலாம். எனக்குத் தெரியல. எப்பவுமே தெரியப்போறதில்ல."

"ஆப்புகிட்ட மறைச்ச, சரி. அது மிஷினு. என்கிட்ட எதுக்கு மறைச்ச?"

நீங்கள் பாடினீர்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அது எப்படிப் பதிலாகும்? அவன் துணியை எடுத்துக் கூடத்துத் தரையில் காய்ந்துகொண்டிருந்த ஜூஸைத் துடைத்தான்.

"பழையபடி மாத்திடறேன். ஆனா இடம் இருக்காது. ஆப் நின்னுரும்."

"நிக்கட்டும்."

"புது போன் வர்ற வரைக்கும்..."

"வர்ற வரைக்கும் விரல் இருக்கு."

உள்ளேயிருந்து சுண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மறுபடியும் விரலா?" என்றாள். குரல் உயரவில்லை. அழவும் இல்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் போனைக் கணினியோடு இணைத்துப் பழைய நிலைக்குத் திருப்பத் தொடங்கினான். திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டது. அண்ணி மேசையைத் துடைத்து, பஞ்சையும் ஊசிப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். தன் பக்கத்தில் வைக்கவில்லை. அவன் பக்கத்தில் வைத்தாள்.

"நேரமாச்சு. இப்ப எவ்வளவு இருக்குன்னு பாரு."

"நானா?"

அண்ணி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கட்டிலோரத்தில் முழங்காலிட்டான். சுண்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை உருவி, எந்த விரலென்று தானே யோசித்து, மோதிர விரலை மட்டும் நீட்டினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு சின்ன விரல். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பெரிய போல்ட்டுகளைத் திருகிப் பழகிய அவன் கட்டைவிரல் ஊசிப்பெட்டியின் விசைமேல் இருந்தது, அழுத்தாமல்.

"குத்து சித்தப்பா" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டே. "சீக்கிரம் குத்து."