உபரி டீச்சர்

...அந்த மனிதர் கொஞ்சம் நகர்ந்தால் தேவலை, நகர மாட்டார், பொன்னாடை போர்த்திய சிறப்பு விருந்தினர் மைக்கை விட்டுத் தானாக நகர்ந்ததை எங்கள் மேனாம்பேட்டுப் பள்ளி விழாக்களில் யாரும் பார்த்ததில்லை, அவருக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் பேனரில் நாட்டின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை சிவப்புக் கோடாக ஏறுகிறது, மேம்பாலம் மாதிரி, ஏறிய பாலம் எங்கேயாவது இறங்கித்தானே ஆகவேண்டும், அந்த இறக்கத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்று "தேசத்தின் சிற்பிகளே" என்கிறார்... இங்கே சிற்பிகள் மொத்தம் மூன்று பேர் ஐயா, அதில் கடைசி நாற்காலியில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் ரேணுகா டீச்சர் என்கிற சிற்பி, அதாவது நான், நாளை முதல் உபரி. உபரி! மதியச் சாம்பார் மிஞ்சினால்கூட அதை யாரும் அப்படித் திட்டுவதில்லை. நாளை ஆகஸ்ட் ஒன்று, பிள்ளைகளை எண்ணுவார்கள், அறுபத்தொன்று இருந்தால் மூன்றாவது டீச்சர் உண்டு, எங்களிடம் இருப்பது அறுபது, ஒரே ஒரு தலை குறைகிறது, இந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்தவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் ஒன்றாம் வகுப்பைத் தூக்கி இரண்டோடும் மூன்றோடும் ஒரே அறையில் போடுவார்கள், இப்போதுதான் அதுகள் காலையில் அழாமல் உள்ளே வரப் பழகியிருக்கின்றன... பிள்ளைகளுக்காகத்தான் வருந்துகிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் பாதிதான் உண்மை, மீதிப் பாதி திருவள்ளூர் தாண்டி ஏதோ ஒரு பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போவதை நினைத்து, சிற்பிக்கு முட்டிவலி இருக்கக்கூடாதா என்ன?

பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினோமே, ஒரு வீட்டில் வாட்டர் ஃபில்டர் விற்க வந்தோம் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள், இன்னொரு வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேன் வருமா?" என்றார்கள், வேன் வராது, எங்களிடம் இருப்பது டீச்சர்தான், அதுவும் நாளை வரைக்கும்... அதோ கேட் ஓரமாக நின்று கையாட்டுகிறானே, தேவா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன், பக்கத்தில் டையும் பெல்ட்டுமாக அவன் மகள் ரோஷினி, கறிக்கடை மாடியில் நடக்கும் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பு. எழுந்து போனேன், விருந்தினர் அதைக் கைதட்டப் போவதற்கான ஆயத்தமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, குரல் இன்னும் ஏறியது. "ரெண்டே மாசத்துல மூணு மிஸ்ஸு மாறிட்டாங்கோ டீச்சர், சம்பளம் பத்தலன்னு ஒவ்வொண்ணா கெளம்பிடுது. எம்பொண்ணு ஸ்கூல்ல வாயே தெறக்க மாட்டேங்குது. நீங்க இங்கயே கீறேன்னு சொல்லுங்கோ, இப்பவே சேத்துடுறேன்." நீ சேர்த்தால்தான்பா நான் இருப்பேன் என்றேன். "அத்த எப்டி நம்பறது? சேத்தப்பறம் நீங்களும் கெளம்பிட்டா?" நான் கிளம்புவதே உன் பெண் சேராததால்தான் என்று சொன்னால் தலையைச் சொறிகிறான், "இன்னா டீச்சர், ரெண்டு பேரும் வாசல்ல நின்னுகினு நீ மொதல்ல போ, நீ மொதல்ல போன்னு சொல்ற மாதிரி கீது" என்று சிரிக்கிறான், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இவன் கேட்டதில் என்ன தப்பு, இத்தனை வருடத்தில் எத்தனை இடமாற்றம், இருப்பாயா என்று என்னை எவனாவது கேட்டிருக்கிறானா?

கடைசியில் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று, "சாய்ங்காலம் வரிக்கும் சும்மா ஒக்காரட்டும், சேத்துட்டேன்னு நெனச்சுக்காதீங்கோ" என்று விட்டுவிட்டுப் போய்விட்டான், எச்.எம். தினகரன் சார் சேர்க்கை விண்ணப்பத்தோடு கேட் வரைக்கும் ஓடினார், ஓடி நான் பார்த்ததே இல்லை, அதற்குள் பைக் தெருமுனை தாண்டிவிட்டது. பதிவேட்டில் ஏறிய அறுபது பிள்ளைகள், ஒரு சும்மா பிள்ளை, சும்மாவுக்குக் கணக்கில் இடம் கிடையாது... மதியம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை, முட்டையைக்கூட ஓசையில்லாமல் தின்றாள், நானும் வற்புறுத்தவில்லை, ஆவடியில் டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறிய ஆட்டுக்குட்டியின் கதையை ஆரம்பித்தேன், அந்த நிமிடம் வாயில் வந்த கதை, அம்பத்தூர் வருவதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார், ஆட்டுக்குட்டி சீட்டுக்கடியில் ஒளிந்தது, அதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் அத்தனையும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடின, யாரோ புடவையைப் பிடித்து இழுக்கிறார்கள், குனிந்தால் ரோஷினி. "அப்பால இன்னா ஆச்சு மிஸ்? மாட்டிக்கிச்சா?"

இந்தக் குரலையா மூன்று மிஸ்கள் கேட்காமலே போனார்கள், கரகரவென்று, தகரத்தில் மழை பெய்கிற மாதிரி... "நாளைக்கு வா, சொல்றேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கேட் பக்கம் ஓடுகிறாள். பரிசோதகரிடம் ஆடு என்ன சொல்லும் என்று எனக்கே தெரியாது, அதுகூடப் பரவாயில்லை, ராத்திரி யோசித்துக்கொள்ளலாம், ஆனால் நாளைக்கு என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன், அவள்தான் யாரைக் கேட்டுத் தலையாட்டினாள்...